அக்கா குளித்த வரலாறு

"இந்தக் கால்வாய்ல தண்ணி எப்போம்மா நின்னுச்சு?" என்று கேட்டார் ஆய்வாளர்.

மெத்தைக்காரி தைத்துக்கொண்டிருந்த மெத்தையை மடியிலிருந்து தள்ளி வைத்தாள். "எனக்கென்னங்க தெரியும்? நான் பிறந்தப்பவே காஞ்சுதான் கிடந்துச்சு. எங்கம்மா பிறந்தப்பவும் அப்படித்தானாம்."

"பரவாயில்ல, உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. நாங்க மக்கள்கிட்டேர்ந்துதான் வரலாற்றை வாங்கறோம்."

வாங்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. எதிரே, வறண்ட கால்வாயின் அக்கரையில், அவளுடைய அக்கா கொட்டகை வாசலில் நின்று கம்பால் பஞ்சை அடித்துக்கொண்டிருந்தாள். அக்கா குளியலறைக்குள் போனால் வீட்டில் மற்றவர்கள் குளிப்பதை மறந்துவிட வேண்டியதுதான் என்பது அந்தக் குடும்பத்தில் சின்ன வயதிலிருந்தே இருந்துவரும் புகார்.

"அதோ நிக்கிறா பாருங்க, எங்க அக்கா. ஒரு நாள் கால்வாய்ல இறங்கிக் குளிச்சா. அதோட சரி. ஒரு சொட்டு மிச்சம் வைக்கல மகராசி."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். ஆய்வாளரும் சிரித்தார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த சுருக்கெழுத்தாளர், பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அங்க என்னடி, என்னைக் கை காட்டிச் சிரிப்பு?" என்று அக்கரையிலிருந்து அக்கா கேட்டாள்.

"உன் பெருமையைத்தாங்கா பேசிக்கிட்டிருக்கோம்."

"பேசு பேசு. பஞ்சு வேணும்னு இங்கதானே வரணும்."

அது உண்மை. அக்கா பஞ்சை அடித்துப் பதமாக்கித் தந்தால்தான் தங்கை மெத்தையில் அடைத்துத் தைக்க முடியும். தங்கை வீட்டுக்காரருக்கு இளைப்பு. பஞ்சுத் தூசி மூக்கில் ஏறினால் அன்று முழுக்க அவர் ஊதுகுழல்தான். அதனால் பஞ்சடிக்கும் வேலை அக்கரையிலும் தைக்கும் வேலை இக்கரையிலுமாகப் பிரிந்துபோயிற்று. நடுவே கால்வாய், கால்வாயின் மேல் ஒரு பலகைப் பாலம். அக்கா பஞ்சு மூட்டையோடு இந்தப் பக்கம் வருவாள். தங்கை குழம்புக் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் போவாள். புருஷன் போன பிறகு அக்கா தனக்கென்று அடுப்பு மூட்டுவதை விட்டுவிட்டாள். பலகை அசையும், கிரீச்சிடும், ஆனால் ஒருநாளும் இருவரையும் கீழே விட்டதில்லை.

வந்தவர்கள் கைவிடப்பட்ட நீர்வழிகள் வரலாற்று ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். பெரிய தெருவில் தூண் வைத்த கட்டடம் அவர்களுடையது. இந்த ஒரு கால்வாயின் வரலாற்றை எழுதுவதற்காகவே ஏற்படுத்தப்பட்ட நிறுவனம். முதல் சில வருடங்கள் எப்படி ஆராய்வது என்று ஆராய்ந்தார்கள். அப்புறம் யார் ஆராய்வது என்பதில் வழக்கு நடந்தது. அது தீர்வதற்குள், ஆராய வேண்டியவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இப்போதுதான் முதன்முறையாக ஒருவர் கால்வாய்ப் பக்கமே வந்திருக்கிறார். செருப்பில் மண் ஒட்டியதை அவர் திரும்பிப் போகும்போது பெருமையோடு மற்றவர்களுக்குக் காட்டியிருக்க வேண்டும்.

மழைக்காலம் முடிந்ததும், கால்வாய்க் கரையில், அக்காவின் கொட்டகைக்கு நேர் முன்னால், ஒரு கல் நட்டார்கள். மாலை, மேடை, நாற்காலிகள், எல்லாம் வந்தன. நிறுவனத்தின் இயக்குநர் துணியை விலக்கினார். கல்லில் இப்படி இருந்தது: "இக்கால்வாய் வற்றக் காரணமான அம்மையார் இறங்கிக் குளித்த இடம்."

கீழே அம்பு போட்டு ஒரு குறி. அம்பு கொட்டகை வாசலைக் காட்டியது. வாசலில் அக்கா கம்போடு நின்றாள்.

இயக்குநர் பேசினார். "பெரியோர்களே, எல்லா ஊரிலும் கால்வாய்கள் வற்றுகின்றன. ரயில் வந்தது, படகு நின்றது, மண் மூடியது என்று காரணம் சொல்கிறார்கள். அதைச் சொல்ல ஒரு நிறுவனம் எதற்கு? பள்ளிக்கூடப் பையனே சொல்லிவிடுவான். நம் கால்வாய்க்கென்று ஒரு தனிக் காரணம் இருக்கும் என்று நான் இந்தப் பதவிக்கு வந்த நாளிலிருந்தே நம்பினேன். என் நம்பிக்கைக்கு ஏற்ற ஆதாரம் கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போயிருந்தாலும் நான் நம்பிக்கையை விட்டிருக்க மாட்டேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். மெத்தைக்காரி கை தட்டவில்லை. அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அக்காவுக்கு நிம்மதி போயிற்று. தெருவுக்குத் தண்ணீர் லாரி வராத நாட்களில் குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் கொட்டகை முன்னால் வந்து நின்றார்கள். "ஏம்மா, அன்னிக்கு ஒரு நாள் குளிக்காம இருந்திருந்தா உடம்பு நாறியா போயிருக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். "சரி, குளிச்சதுதான் குளிச்சீங்க, பாதியாவது விட்டு வச்சிருக்கலாம்" என்றாள் இன்னொருத்தி. இவள் கொஞ்சம் நல்ல மாதிரி.

ஆய்வாளர் ஒருநாள் வந்து அக்காவின் சோப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். பச்சைப் பிளாஸ்டிக் பெட்டி, மூடி உடைந்தது. நிறுவனத்தின் கண்ணாடி அலமாரியில், சிவப்பு வெல்வெட்டின் மேல், "நிகழ்வின்போது பயன்படுத்தப்பட்டதாக நம்பப்படுவது" என்ற சீட்டோடு அது உட்கார்ந்தது. அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் ஏது என்று யாரோ ஒரு பார்வையாளர் கேட்டுவிட்டாராம். அவரை இனி உள்ளே விடுவதில்லை என்று முடிவாயிற்று.

அப்புறம் வேலி வந்தது. ஆதாரம் கலைந்துவிடக் கூடாதாம். கால்வாயின் இரண்டு கரையிலும் கம்பி வேலி போட்டு, பலகைப் பாலத்தைக் கழற்றி, கொட்டகைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுப் போனார்கள். அக்கா இக்கரைக்கு வர வேண்டுமென்றால் பெரிய தெருப் பாலம் வரை நடந்து சுற்ற வேண்டும். அவள் முழங்காலுக்கு அது வெளிநாட்டுப் பயணம்.

மெத்தைக்காரி குழம்புக் கிண்ணத்தோடு வேலியருகே போய் நின்றாள்.

"அக்கா."

கம்பு பஞ்சின் மேல் விழுந்துகொண்டே இருந்தது. பஞ்சு ஏற்கெனவே மேகமாகிவிட்டிருந்தது. அதற்கு மேல் அடிக்கத் தேவையே இல்லை.

"அக்கா, இந்தப் பக்கம் பாரேன்."

"யாரு அக்கா? இங்க அக்கான்னு யாரும் இல்ல. காரணம்தான் இருக்கு. கல்லுல போட்டிருக்கு, படிச்சுக்கோ."

"விளையாட்டுக்குச் சொன்னேன்கா. அவங்களும் சிரிச்சாங்க."

"நீ சின்ன வயசுலேர்ந்து என்னை வச்சு சிரிக்க வைக்கிறவதான். வீட்டுக்குள்ள சிரிச்சாங்க, சரி. தெருவுல சிரிச்சாங்க, அதையும் பொறுத்துக்கிட்டேன். இப்ப கல்லுல வெட்டிச் சிரிக்க வச்சிருக்கே."

"கல்லை எடுக்க வச்சிடறேன்கா."

"எடுக்கறப்ப எடு. அதுவரைக்கும் எங்கிட்டப் பேசாத. பஞ்சு வேணும்னா பெரிய தெரு வழியா ஆளை அனுப்பு. குழம்பு எனக்கு வேண்டாம்."

"சாப்பிடாம என்ன பண்ணுவே?"

"குளிப்பேன். எனக்கு அதானே தெரியும்."

மெத்தைக்காரி கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பஞ்சு அடைச்ச மெத்தை வாய்க்குத் தையல் போடறவ, உன் வாய்க்கு ஒரு தையல் போட்டிருக்கலாம்" என்றார். அவளுக்கு அழுகை வந்தது. அவருக்கு இருமல் வந்தது. அன்று இருவருமே சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் நிறுவனத்துக்குப் போனாள். அந்தத் தூண் வைத்த கட்டடத்துக்குள் அதுவரை தெருக்காரர் யாரும் தானாகப் போனதில்லை போலிருக்கிறது. வாயில்காப்போன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று, பிறகு யோசித்து, உட்கார்ந்துகொண்டான்.

இயக்குநர் அவளை மிகுந்த மரியாதையோடு வரவேற்றார். "வாங்கம்மா. உங்களை நாங்க இங்க மூல ஆதாரம்னுதான் குறிப்பிடறோம்."

"ஐயா, நான் சொன்னது கிண்டலுக்கு. என் அக்கா குளிக்கவே இல்ல. நான் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். இவங்ககூடச் சிரிச்சாங்க."

இயக்குநர் பக்கத்திலிருந்த சுருக்கெழுத்தாளரைப் பார்த்தார். சுருக்கெழுத்தாளர் கோப்பைப் புரட்டினார். "சிரிப்பு எதுவும் இல்லைங்க ஐயா."

"நீங்களே சிரிச்சீங்களே, கண்ணைத் துடைச்சுக்கிட்டு."

"சிரிச்சேன்மா. ஆனா விதிப்படி பேச்சைத்தான் எழுதணும். இருமல், தும்மல், சிரிப்பு, அழுகை நாலுக்கும் பேனாவைத் தூக்கிடணும்."

"அப்போ நீங்க எழுதின வரலாறுல யாருமே சிரிக்கலையா?"

"இதுவரைக்கும் இல்ல" என்றார் சுருக்கெழுத்தாளர், கொஞ்சம் வருத்தத்தோடு.

இயக்குநர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பாருங்கம்மா. நீங்க ஒரு சாதாரண மனுஷியா வந்து சொன்னா நாங்க கேட்டுக்கலாம். ஆனா நீங்க இப்ப மூல ஆதாரம். ஆதாரம் தன்னையே மறுத்தா, அதை வச்சு எழுதின எங்க கட்டுரைகள் என்ன ஆகும்? அதை வச்சுப் பதவி உயர்வு வாங்கினவர் என்ன ஆவார்?"

பதவி உயர்வு வாங்கினவர், அதாவது ஆய்வாளர், மூலையில் நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கால்வாய் வத்தினப்போ எங்க அம்மாவே பிறக்கலைங்க. அக்கா எப்படிக் குளிச்சிருப்பா?"

"அந்தச் சிக்கல் எங்களுக்கும் வந்துச்சு" என்றார் இயக்குநர், பெருந்தன்மையாக. "வருஷக் கணக்குல ஒரு இடம் உதைச்சுது. ஆராய்ஞ்சு பார்த்தோம். கால்வாய் வத்தின வருஷம் உறுதியானது. அப்போ தப்பு உங்க அக்கா வயசுலதான் இருக்கணும். வயசுச் சான்றைத் திருத்தி அவங்களுக்கே அனுப்பிட்டோம்."

மெத்தைக்காரி விரலை மடக்கி அக்காவின் புது வயதை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டாள். "இதை மாத்த வழியே இல்லைங்களா?"

"ஏன் இல்ல? உங்களுக்குச் சமமான இன்னொரு ஆதாரம் வந்து மறுத்துச் சொல்லணும். நேர்ல பார்த்தவரா இருக்கணும். அப்படி யாராவது இருக்காங்களா?"

"நடக்காததை யாருங்க நேர்ல பார்த்திருப்பாங்க?"

"குளிச்சவர் பார்த்திருப்பாரே" என்றார் ஆய்வாளர் ஜன்னலிலிருந்து திரும்பாமல்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். மெத்தைக்காரி பெரிய தெருவைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனாள். அக்கா கொட்டகைக்குள் திருத்திய வயதுச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம பாட்டியைவிட எனக்கு வயசு ஜாஸ்தியாம்" என்றாள், தங்கையைப் பார்க்காமல். "இனிமே பாட்டிதான் என் கால்ல விழணும்."

இதற்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தங்கைக்குத் தெரியவில்லை. சிரிக்கவில்லை.

"அக்கா, நீ வந்து குளிக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். கல்லை எடுத்துடுவாங்க. வேலியை எடுத்துடுவாங்க."

"நான் உனக்காக எங்கேயும் வரமாட்டேன்."

"எனக்காக வேண்டாம். பஞ்சு வீணாப் போகுது. அங்க மெத்தைத் துணியெல்லாம் வெறும் பையாத் தொங்குது. மெத்தைக்குச் சொல்லியிருக்கற விடுதிக்காரர் வந்து பார்த்துட்டு, இதுல படுக்கணுமா இல்ல துவைச்ச துணி போட்டு வைக்கணுமான்னு கேக்கறார்."

அக்கா சான்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "முழங்கால் வலிக்குது. மெதுவாத்தான் நடப்பேன்" என்றாள்.

அது போதும் என்று தங்கை நினைத்துக்கொண்டாள்.

விசாரணை அறையில் நீளமான மேசை. ஒருபுறம் இயக்குநர், ஆய்வாளர், சுருக்கெழுத்தாளர். மறுபுறம் சகோதரிகள், இருவருக்கும் நடுவே அக்கா வேண்டுமென்றே ஒரு காலி நாற்காலியை விட்டிருந்தாள். பின்னால் குடங்களோடு தெருப் பெண்கள்.

"கால்வாய் வற்றிய அன்று நீங்கள் அதில் குளித்தீர்களா?" என்று இயக்குநர் ஏட்டு மொழியில் கேட்டார்.

"நான் இல்லைன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்றாள் அக்கா.

"பரிசீலிப்போம். துணைக்குழு அமைப்போம். வேலி அதுவரை இருக்கும்."

"எதுவரை?"

"துணைக்குழு அமையும்வரை. பிறகு அது கூடும்வரை."

அக்கா தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நிதானமாக, "குளிச்சேன்" என்றாள்.

"அக்கா" என்றாள் தங்கை.

"நீ சும்மா இரு, மூல ஆதாரம். குளிச்சேங்க. நல்லா முங்கிக் குளிச்சேன். தண்ணி போயிடுச்சு. தப்புதான்."

இயக்குநர் முகம் மலர்ந்தது. ஆய்வாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"மனசு உறுத்துதுங்க" என்று அக்கா தொடர்ந்தாள். "இந்தப் பொண்ணுங்க தினமும் குடத்தோட வந்து நிக்கறாங்க. அதனால நாளைக்குக் காலையில திரும்ப இறங்கிக் குளிக்கலாம்னு இருக்கேன்."

"எதற்கு?"

"போன தடவை குளிச்சுத் தண்ணி போச்சு. இந்தத் தடவை குளிச்சா வந்தாலும் வரும். யாரு கண்டா? அன்னிக்கு நான் குளிச்சதுக்குத் தண்ணி கட்டுப்பட்டுச்சுன்னு நீங்கதானே கல்லுல போட்டிருக்கீங்க."

பின்னால் குடங்கள் அசைந்தன. "நல்ல யோசனையா இருக்கே" என்று ஒருத்தி சொன்னாள். "நான் சோப்பு கொண்டு வர்றேன்க்கா" என்றாள் இன்னொருத்தி.

இயக்குநர் ஆய்வாளரைப் பார்த்தார். "அப்படி நடக்க வாய்ப்பு இருக்கா?"

"விஞ்ஞானப்படி இல்லைங்க ஐயா."

"நிறுவனத்தோட முடிவுப்படி?"

ஆய்வாளர் கோப்பை மூடினார். "நிறுவனத்தோட முடிவுப்படி... மறுக்க முடியாதுங்க ஐயா."

இயக்குநர் எழுந்து, நடந்து, மறுபடி உட்கார்ந்தார். பேசியபோது ஏட்டு மொழி அவரைக் கைவிட்டிருந்தது.

"அம்மா, நிலைமையைப் புரிஞ்சுக்கணும். நாங்க கைவிடப்பட்ட நீர்வழிகளுக்கான நிறுவனம். அதுல ஒரு குடம் தண்ணி வந்தாலும் அது கைவிடப்பட்டது இல்ல. அடுத்த நாளே பாசனத்துறைக்காரங்க வந்து கட்டடத்தைக் கேட்பாங்க. அவங்களுக்கு ரொம்ப நாளா இந்தத் தூண் மேல ஒரு கண்ணு. நாங்க எல்லாரும் எங்க போவோம்? இவருக்கு இப்பத்தான் பதவி உயர்வு வந்திருக்கு. எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு. ஊருக்குத் தண்ணி முக்கியம்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நாங்க தண்ணி இல்லாததுக்குப் பொறுப்பானவங்க."

இதைச் சுருக்கெழுத்தாளர் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். யாரும் சிரிக்காததால் அவர் பேனாவைத் தூக்கத் தேவை வரவில்லை.

"அப்போ நான் குளிக்கக் கூடாதா?" என்று அக்கா கேட்டாள்.

"தயவு செஞ்சு வேண்டாம்."

"குளிக்காம இருக்கணும்னா எனக்குச் சில வசதி வேணும். வேலி இருந்தா எனக்குப் புழுக்கமா இருக்கு. புழுக்கமா இருந்தா குளிக்கத் தோணும். அந்தக் கல்லைப் பாத்தா பழைய ஞாபகம் வருது. ஞாபகம் வந்தாலும் குளிக்கத் தோணும். பலகையை எடுத்துட்டீங்க. என் தங்கச்சி வந்து போகலைன்னா எனக்குப் பொழுது போகல. பொழுது போகலைன்னா நான் என்ன பண்ணுவேன்னு உங்களுக்கே தெரியும்."

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். 'என் தங்கச்சி' என்ற சொல்லைக் கேட்டு நெடுநாளாகிவிட்டிருந்தது.

"குளிக்காத நாளெல்லாம் இந்தத் தெருவுக்கு நீங்க ரெண்டு லாரி தண்ணி விடணும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அதையும் எழுதிக்கோங்க" என்றாள் அக்கா.

எழுதிக்கொண்டார்கள். வேலி போயிற்று. கல்லைப் பெயர்த்து நிறுவனத்துக்குள்ளேயே, சோப்புப் பெட்டி இருந்த அலமாரிக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில் வைத்தார்கள். பலகைப் பாலத்தை இயக்குநரே முன்னின்று மாட்டச் செய்து, அசைகிறதா என்று தன் காலால் மிதித்துப் பார்த்தார். அசைந்தது. திருப்தியோடு போனார்.

லாரிகள் வருகின்றன. அக்கா கால்வாயில் குளிக்கவில்லை என்பதை மாதம் ஒருமுறை ஆய்வாளர் சுருக்கெழுத்தாளரோடு நேரில் வந்து உறுதி செய்துகொள்கிறார். அதற்குச் சாட்சியாகத் தங்கை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

"இந்த மாதம் குளித்தீர்களா?" என்று இம்முறையும் வந்து கேட்டார்.

"இல்ல" என்றாள் அக்கா, பஞ்சை அடித்துக்கொண்டே. தெரு முழுக்கக் கேட்டது. கேட்டவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற மாதிரி பாவனை காட்டினார்கள். அக்கா கம்பை அவர்கள் பக்கம் நீட்டினாள்.

"சாட்சி வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?" என்று ஆய்வாளர் தங்கையிடம் கேட்டார். சுருக்கெழுத்தாளர் பேனாவோடு காத்திருந்தார், கொஞ்சம் ஆசையோடு.

மெத்தைக்காரிக்கு ஒன்று வாய் வரைக்கும் வந்தது. நல்லதாக வந்தது. அக்கா கம்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லைங்க" என்றாள் மெத்தைக்காரி.

அவர்கள் பலகை மேல் ஏறி இக்கரைக்கு நடக்கத் தொடங்கியதும் அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "என்னடி அது, வாய்ல வச்சு மென்னு முழுங்கினே? சொல்லு."

"வேண்டாம்கா. திட்டுவே."

"சொல்லுடின்னா."

தங்கை அவள் காதருகே குனிந்து சொன்னாள். அக்கா கம்பைக் கீழே போட்டாள். சிரிப்புத் தாங்காமல், தங்கை கையோடு கொண்டுவந்து பாதி அடைத்துவைத்திருந்த மெத்தையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். தைக்காத ஓரத்தின் வழியாகப் பஞ்சு பொங்கி, கொட்டகை வாசலைத் தாண்டி, கால்வாய்க்குள் பறந்தது.

பலகையின் நடுவில் போய்க்கொண்டிருந்த ஆய்வாளர் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். "என்ன நடக்குது அங்க?"

"இருமல்ங்க" என்றார் சுருக்கெழுத்தாளர், பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி.